பளபளக்கும் தரை யாருடையது?

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கிக் கொண்டிருந்தோம். ஒரு சகோதரர் நம் கையைப் பற்றி ஸலாம் கூறி, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் அவருடைய வீடு இருக்கிறது. அவருடைய அத்தா காலத்தில் போட்ட சிவப்பு சிமென்ட் தரை. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, தரை இரண்டொரு இடங்களில் வெடித்து விட்டது. அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, மெஷின் வைத்துக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்யப் போகிறாராம். "இது வீண்விரயத்தில் சேருமா ஹஜ்ரத்?" என்பதே அவருடைய கேள்வி.

நாம் நின்ற நிலையிலேயே விடை சொன்னோம். "பணம் ஹலாலாக இருந்து, மனத்தில் பெருமை இல்லாதிருந்தால் கூடும்" என்றோம். அவர் முகம் மலர்ந்து போய்விட்டார். நாமும் நம் வழியே வந்து விட்டோம்.

இப்பொழுது எண்ணிப் பார்க்கும்போது அந்த விடையில் கிதாபுக்கு மாறான சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் விடை சொல்லுமுன் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. அந்தக் குறையை ஈடு செய்யும் எண்ணத்தோடுதான் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் சகோதரர்களும், அதைவிட முக்கியமாக வீட்டிற்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கும் தாய்மார்களும் இதைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

மண் தரையிலிருந்து மெஷின் தரை வரை

வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் நம் பாட்டனார் காலத்து வீடுகளில் பெரும்பாலும் மண் தரைதான். அக்கம்பக்கத்தார் சாணம் மெழுகுவார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் சாணம் நஜீஸ் ஆதலால், அப்படி மெழுகிய தரையில் தொழ வேண்டுமானால் சுத்தமான விரிப்பை விரித்துக் கொள்ள வேண்டும். பிறகு சிமென்ட் வந்தது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டு, அதன் மேல் சிவப்புப் பொடி கலந்த சிமென்ட்டைக் கனம் குறைவாகப் பூசி, கொத்தனார் மண்டியிட்டுக் கரணையால் மணிக்கணக்கில் தேய்த்து வழவழப்பாக்குவார். ஈரம் காயுமுன் நூலை அழுத்திச் சதுரம் சதுரமாகக் கோடு போடுவார். நாள் கணக்கில் தண்ணீர் கட்டி நிறுத்துவார்கள். அதற்கப்புறம் அந்தத் தரையைப் பளபளக்கச் செய்தது மெஷினல்ல. தினந்தோறும் ஈரத்துணியால் துடைத்த நம் தாய்மார்களின் கைகளும், நடமாடிய பிள்ளைகளின் பாதங்களுமே.

அதன் பின் மொசைக் வந்தது, டைல்ஸ் வந்தது. இப்பொழுது பாலிஷ் கான்கிரீட் வந்திருக்கிறது. கான்கிரீட்டைப் போட்டு 28 நாட்கள் இறுக விடுகிறார்கள். பிறகு வைரத்தூள் பதித்த வட்டுகளைக் கொண்டு தேய்க்கிறார்கள். முதலில் சொரசொரப்பான 40ஆம் எண் வட்டு. பிறகு 100, 200, 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக நைஸான வட்டுகள். இடையே சிலிகேட் கலந்த ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். அது கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு கூடி நுண்ணிய துளைகளை அடைத்துத் தரையைக் கெட்டிப்படுத்துகிறது. மேலே ஒட்டிய பொருள் எதுவும் இல்லாததால் பெயர்ந்து வருவதற்கும் ஒன்றுமில்லை.

பழைய சிவப்புத் தரையையே இப்படித் தேய்த்துவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது நடவாது. சிவப்புப் பூச்சு மெல்லியது. வட்டு அதைத் தின்றுவிட்டால் அடியிலிருந்து செங்கல் ஜல்லிதான் பல்லிளிக்கும். ஆகவே புதிய முறையை விரும்புகிறவர் பழையதை உடைத்தே தீர வேண்டும். நமது பிரச்சினை இங்கேதான் ஆரம்பமாகிறது.

மார்க்கம் பளபளப்பை வெறுக்கிறதா?

சிலர் எளிமை என்ற பெயரில், வழவழப்பான தரை என்றாலே மார்க்கத்துக்குப் புறம்பானது போலப் பேசுகிறார்கள். அது சரியன்று. திருமறையிலேயே ஒரு பளபளத்த தரை வருகிறது. ஸபா நாட்டு அரசியார் ஸுலைமான் (அலை) அவர்களின் மாளிகைக்குள் நுழையும்போது, தரையைத் தண்ணீர்த் தடாகம் என்று நினைத்து ஆடையைச் சற்று உயர்த்துகிறார். அது பளிங்கால் இழைத்து வழவழப்பாக்கப்பட்ட மாளிகை என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அந்த இடத்திலேயே அவர் தம் தவற்றை உணர்ந்து அகிலங்களின் இறைவனுக்கு அடிபணிகிறார் (27:44). நபி ஒருவரின் மாளிகையில் அத்தகைய தரை இருந்தது. அதை அல்லாஹ் குறை கூறவில்லை.

அந்த வசனத்தில் மாளிகைக்கு வந்திருக்கும் சொல் 'ஸர்ஹ்' என்பது. அதே சொல் திருமறையில் ஃபிர்அவ்னின் வாயிலிருந்தும் வருகிறது. களிமண்ணைச் சுட்டுத் தனக்கொரு 'ஸர்ஹ்' எழுப்பும்படி ஹாமானுக்கு அவன் கட்டளையிடுகிறான். அதில் ஏறி மூஸாவின் இறைவனை எட்டிப் பார்க்க வேண்டுமாம் (28:38). ஒரே சொல்தான். ஒன்று ஒரு பெண்மணியின் உள்ளத்தை இறைவன்பால் திருப்பியது. மற்றொன்று ஒருவனின் ஆணவத்தைக் காட்டி நின்றது. ஆகவே கட்டடத்தின் தரத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது விளங்குகிறது.

பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை எடுத்துக் கொள்ளுங்கள். ரமளானின் 21ஆம் இரவில் மழை பெய்து, ஈச்ச ஓலைக் கூரை ஒழுகி, அண்ணலார் ஸஜ்தாச் செய்து எழுந்தபோது அவர்களின் திருநெற்றியில் தண்ணீரும் களிமண்ணும் படிந்திருந்ததை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் கண்ணாரக் கண்டு அறிவித்திருக்கிறார்கள் (புகாரீ). இன்னொரு மழை இரவில் ஈரத் தரையில் உட்கார முடியாமல் ஒருவர் தம் துணியில் பொடிக்கற்களை அள்ளிவந்து தமக்கடியில் பரப்பிக் கொண்டார். தொழுகை முடிந்ததும் அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் நல்ல காரியம் என்று பாராட்டினார்கள் என இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் அறிவிக்கப்படுகிறது. சேறான தரையைச் சீராக்கிக் கொள்வது பாராட்டுக்குரியது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேறென்ன வேண்டும்?

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் சென்று வந்தவர்கள் கொளுத்தும் வெயிலிலும் மதாஃபின் தரை காலைச் சுடாமலிருந்ததைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிரேக்க நாட்டின் தாஸோஸ் தீவிலிருந்து வரும் வெண்பளிங்கு அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது. தவாஃப் செய்பவரின் பாதத்துக்கு அது ஒரு தேவை.

வீட்டிலும் தேவை உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் வழவழப்பான தரையைச் சுத்தம் செய்வது எளிது. பள்ளிவாசலில் சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியின் விஷயத்தில் அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை நாம் அறிவோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி நஜீஸின் பொருளை நீக்கியபின் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி தரை காய்ந்து நஜீஸின் அடையாளம் போய்விட்டால் தொழுகைக்குச் சுத்தமாகிவிடும், தயம்முமுக்கு ஆகாது. எந்த மத்ஹபாயினும், வெடித்து உறிஞ்சும் தரையைவிட உறிஞ்சாத தரை வீட்டுப் பெண்களின் சுமையைக் குறைக்கிறது. தரூரா, ஹாஜா, தஹ்ஸீன், அதாவது இன்றியமையாதது, தேவையானது, அழகுக்கானது என்று நம் உலமாக்கள் மூன்று படித்தரங்கள் வகுத்திருக்கிறார்களே, அவற்றில் இது இரண்டாவது படியில் சேரும்.

அப்படியானால் தடை எங்கே வருகிறது? கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள் சுவர் எழுப்பிக் கொண்டிருந்தபோது தம்மைக் காண வந்தவர்களிடம், ஒரு முஸ்லிம் செய்யும் எல்லாச் செலவுக்கும் கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதைத் தவிர என்று சொன்னதாக புகாரீயில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களும் அவர்களின் தாயாரும் தங்கள் வீட்டுச் சுவரைப் பூசிக் கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், காரியம் அதைவிட விரைந்து வருகிறது என்று நினைவூட்டினார்கள் (அபூதாவூத், திர்மிதி). சுவரைப் பூசாதே என்று தடுக்கவில்லை. இந்தச் சுவரைவிட முந்திக் கொண்டு மரணம் வரக்கூடும் என்பதை மறந்துவிடாதே என்றார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிந்தவைதாம். இவற்றை மனத்தில் வைத்துத்தான் அன்று அந்தச் சகோதரருக்கு விடை சொன்னோம்.

முப்பத்திரண்டு சதுரங்கள்

பத்து நாட்கள் கழித்து அவரே வந்து, வேலை ஆரம்பித்துவிட்டது, கூடத்தை உடைக்குமுன் வந்து துஆச் செய்ய வேண்டும் என்று அழைத்தார். போனோம். வாசல் அறையின் தரை முடிந்திருந்தது. உண்மையாகவே நம் முகம் அதில் தெரிந்தது. கூடம் மட்டும் பழைய சிவப்பில் இருந்தது. அவருடைய தாயார் சுவரோரம் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக் கொண்டிருந்தார்கள். பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கையும், கடலூரில் இருக்கும் மற்றொரு தங்கையும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

துஆவுக்குமுன் வழக்கமாகக் கேட்பது போல, "அத்தா மறைந்து எத்தனை ஆண்டாகிறது?" என்று கேட்டோம். "ஒன்பது ஆண்டு" என்றார். "பாகம் பிரித்தாகிவிட்டதா?" என்றோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "எங்களுக்குள் பாகம் என்ன ஹஜ்ரத்? எல்லோரும் ஒன்றுதான்" என்று சிரித்தார். தங்கைகள் இருவரும் தலையைக் குனிந்து கொண்டார்கள்.

அந்தக் கூடம் 16 அடி நீளம், 8 அடி அகலம். கொத்தனார் நூல் போட்டு இரண்டடிச் சதுரங்களாகக் கோடு கிழித்திருந்தார். நீளத்தில் எட்டு, அகலத்தில் நான்கு. ஆக 32 சதுரங்கள். நம் கண்கள் அந்தச் சதுரங்களை எண்ணின. மிஸ்கீனான நம் மனம் ஃபராயிள் கணக்கைப் போட்டது.

இறந்தவரின் அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக மீதிதான் வாரிசுகளுக்கு. மனைவிக்குக் கொடுக்கப்படாமல் நிற்கும் மஹரும் கடன்தான். அதன்பின், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மற்றதில் மகளுக்கு ஒரு பங்கென்றால் மகனுக்கு இரண்டு பங்கு (4:11, 12). இந்தக் கூடத்தின் 32 சதுரங்களில் தாயாருக்கு 4. மீதி 28இல் மகனுக்கு 14; தங்கைகள் ஒவ்வொருவருக்கும் 7. அதாவது நம் சகோதரர் உடைத்துப் பாலிஷ் செய்யப் போகும் தரையில் 18 சதுரங்கள் அவருடையவை அல்ல!

வீண்விரயமா என்று அவர் கேட்டார். நாமும் பணத்தைப் பற்றியும் பெருமையைப் பற்றியும் சொன்னோம். தரை யாருடையது என்று அவரும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. சிவில் கோர்ட்டுக்குப் போகிற தகராறுகளில் மட்டுமே பாகப்பிரிவினையைப் பற்றி நினைக்கும் பழக்கம் உலமாக்களாகிய நம்மையும் பிடித்திருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக் கொள்கிறோம்.

கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி மற்றப் பங்காளிகளின் அனுமதியின்றி உடைப்பதோ மாற்றுவதோ கூடாது என்பது ஃபிக்ஹின் தெளிவான சட்டம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக் கொண்டவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்து வளையமாக மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரீ, முஸ்லிம்). ஒரு சாணுக்கே இந்தக் கதியென்றால் 18 சதுரங்களுக்கு என்ன சொல்வது?

இங்கே மூன்று சமாதானங்களை நம் மக்கள் சொல்வதுண்டு. அன்று அந்தச் சகோதரரும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதலாவது: "தங்கைகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம். அதுதான் அவர்கள் பங்கு." தகப்பனார் உயிரோடிருக்கும்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைந்தபின் அல்லாஹ் விதித்தது வாரிசுரிமை. முன்னதைக் கொண்டு பின்னதைக் கழிக்க அண்ணனுக்கு அதிகாரம் இல்லை. சொத்து குறைவானாலும் அதிகமானாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் குறிப்பிட்ட பாகம் உண்டு என்று திருமறை முடித்துக் கூறிவிட்டது (4:7).

இரண்டாவது: "அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே!" மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று ஊரில் பழமொழி சொல்வார்கள். ஃபிக்ஹில் அப்படி இல்லை. பேசாதிருப்பவரின் பேரில் ஒரு சொல்லை ஏற்றிச் சொல்லலாகாது என்பதே ஷாஃபிஈ இமாம் அவர்களின் பெயரால் வழங்கும் சட்ட விதி. கன்னிப் பெண்ணின் நிக்காஹ் சம்மதம் போல ஹதீஸில் விலக்களிக்கப்பட்ட இடங்கள் வேறு. அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ, பெருநாளுக்கு வந்து போகத் தாய்வீடு இல்லாமற் போகுமோ என்ற அச்சத்தில் பிறக்கும் மௌனத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? தங்கை வாய் திறக்காத காரணம் அன்பாக இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். அதைக் கேட்டறிவது அண்ணனின் கடமை.

மூன்றாவது: "தரை நன்றானால் வீட்டின் மதிப்பு கூடும். அவர்களுக்கும் லாபம்தானே?" இருக்கலாம். அப்படியானால் அதை அவர்களிடமே சொல்லி அனுமதி பெறுவதில் என்ன தடை? அனுமதியைக் கேட்க நாக்குக் கூசுகிறது என்றால், உள்ளே எங்கோ ஒரு நெருடல் இருக்கிறது என்றே பொருள்.

வேறு மூன்று கேள்விகள்

பங்கு பிரிந்த வீடாகவே இருந்தாலும், தரையைப் புதுப்பிக்குமுன் தன்னைத் தானே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்விகள் இன்னும் மூன்று உள்ளன.

யார் பணம்? கையிருப்பில் செய்பவருக்குக் கவலையில்லை. ஆனால் மனைவியின் நகையை அடகு வைத்து வட்டிக்கு வாங்கித் தரை போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. வட்டியைக் கைவிடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர்ப் பிரகடனம் செய்திருப்பதாகத் திருமறை எச்சரிக்கிறது (2:279). ஸஜ்தாவுக்காகத் தலை வைக்கும் தரையையே அந்தப் போருக்கான களமாக ஆக்கிக் கொள்ளலாமா? வெடிப்பை மட்டும் கொத்தி, கலவை பூசி, தேய்த்துவிட்டால் ஓடக்கூடிய தரையை, வட்டி வாங்கி உடைப்பதற்கு எந்தத் தேவையும் காரணமாகாது. செல்வத்தைப் பாழாக்குவதை அல்லாஹ் வெறுப்பதாக புகாரீயிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒன்றை உடைத்துக் குப்பையில் கொட்டுவதும் பாழாக்குதலே.

யார் மூச்சு? வாசல் அறையில் நாம் பார்த்த பளபளப்பின் பின்னால் இன்னொரு காட்சியும் இருந்தது. வேலையாட்கள் இருவர் வெளியே திண்ணையில் உட்கார்ந்து இருமிக் கொண்டிருந்தார்கள். இருபது வயதுக்குட்பட்ட வடமாநிலத்துப் பையன்கள். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. முகத்தில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. தண்ணீர் விடாமல் உலர்ந்த நிலையில் கான்கிரீட்டைத் தேய்த்தால், அதிலுள்ள மணலும் கல்லும் கண்ணுக்குத் தெரியாத சிலிகாத் தூளாய்ப் பறக்கும். அது நுரையீரலில் போய்த் தங்கி மெல்ல மெல்ல அதை இறுக்கிவிடும். சிலிக்கோஸிஸ் என்று பெயர். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. கைக்குட்டை அந்த நுண்தூளைத் தடுக்காது. தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அல்லது தூசியை உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்த வேண்டும். அதற்கான முகக்கவசம் தர வேண்டும். கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் (இப்னுமாஜா) அந்த வியர்வை சிந்தியவனின் நெஞ்சு உலர்ந்து போவதைப் பொறுக்குமா? ஒப்பந்தக்காரர் பார்த்துக் கொள்வார் என்று வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட முடியாது. வேலை நம் வீட்டில், நம் விருப்பத்துக்காக நடக்கிறது.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சிமென்ட் குழம்பு வரும். காரம் மிக்க அந்தக் குழம்பைத் தெருக் கால்வாயில் விட்டால் அடைத்துக் கொள்ளும். வாய்க்காலில் விட்டால் பயிருக்குப் போகும். ஃபெஞ்சல் மழைக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிப் பாகூர்க் கிராமங்கள் பட்ட அவதியைப் பார்த்தவர்களுக்கு, அடைபடாத ஒரு கால்வாயின் அருமை தெரியும். குழம்பைத் தொட்டியில் தேக்கி, இறுகவிட்டு, கட்டியாக அப்புறப்படுத்த வேண்டும். பிறருக்குத் தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற நபிமொழி அண்டை வீட்டுக் கால்வாய்க்கும் பொருந்தும்.

யார் கண்? இது நிய்யத்தைப் பற்றிய கேள்வி. ஒரு வேடிக்கையைப் பாருங்கள். புதுச்சேரி நகரில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா விடுதி 1930களில் தொடங்கி 1940களில் கட்டி முடிக்கப்பட்டது. அந்தோணின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞர் அமைத்த அதன் வெளிப்புறத்தில் கான்கிரீட்டைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பல நாட்டுக் கட்டடக்கலைஞர்கள் வருகிறார்கள். இன்று பெருநகரங்களில் வசதியுள்ளவர்கள் டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சிமென்ட் தரையைத் தேடுகிறார்கள். அதே காலத்தில் நம் கிராமத்தில் சிமென்ட் தரை வைத்திருப்பவர் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிறார். ஒருவருக்கு நாகரிகமாகத் தெரிவது மற்றவருக்கு வறுமையாகத் தெரிகிறது. தரை ஒன்றுதான். மற்றவர் கண்ணுக்காகத் தரை போடத் தொடங்கினால் அந்தக் கண்களுக்கு முடிவே இல்லை. அதிகம் தேடும் ஆசை கப்ருகளைச் சந்திக்கும் வரை மனிதனைப் பராக்காக்கிவிடுகிறது என்ற அத்தகாஸுர் அத்தியாயத்தின் எச்சரிக்கை இதற்கும் சேர்த்துத்தான். பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் இதில் பாடம் உண்டு. மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்கியபோது உமர் (ரலி) அவர்கள், மக்களை மழையிலிருந்து காக்கும்படிக் கட்டச் சொன்னார்கள். சிவப்பும் மஞ்சளும் பூசித் தொழுவோரின் மனத்தைக் கலைத்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள் (புகாரீ).

இந்த மூன்றோடு வீட்டிலுள்ள முதியோரையும் எண்ணிப் பாருங்கள். ஒளூச் செய்த ஈரக்காலோடு வரும் அம்மாவுக்கு மிக வழவழப்பான தரை ஆபத்து. ஒளூச் செய்யும் இடத்தையும் குளியலறை வாசலையும் சொரசொரப்பாகவே விட்டுவிடுவது அறிவுடைமை. ஸபா அரசியார் காய்ந்த தரையைத் தண்ணீர் என்று எண்ணினார். நம் தாய்மார்கள் தண்ணீரைக் காய்ந்த தரை என்று எண்ணி விழுந்துவிடலாகாது.

அந்தக் கூடம்

அன்று துஆ உடனே நடக்கவில்லை. முதலில் அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அன்று நீங்கள் கேட்டபோது நாம் அவசரப்பட்டுவிட்டோம். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை" என்றோம். பிறகு கூடத்துச் சதுரங்களைக் காட்டிக் கணக்கைச் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. "துஆவுக்குக் கூப்பிட்டால் பாகம் பிரிக்க வந்துவிட்டீர்களே!" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் அந்த வீட்டின் வரியைக் கட்டியவர், கூரையைச் செப்பனிட்டவர், தாயாருக்குச் சோறு போட்டவர் அவர்தாம். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் குறையாது. ஆனால் தாய்க்குச் செய்த பணிவிடை தங்கையின் பங்குக்கு விலையாகாது.

அப்பொழுது தாயார் பாயிலிருந்தபடியே சொன்னார்கள்: "தம்பி, உங்க அத்தா இந்தத் தரை போட்டப்ப தண்ணி நிறுத்தினது உன் தங்கச்சிங்கதான். ஸ்கூல் விட்டு வந்து குடம் குடமா ஊத்துச்சுங்க. அதுங்களைக் கேட்டுட்டு உடை."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நாம் துஆச் செய்துவிட்டுத் திரும்பினோம்.

இதை எழுதும் நாளில் அந்தக் கூடத்தின் தரை சிவப்பாகவே இருக்கிறது. வெடிப்புகள் மட்டும் பூசப்பட்டிருக்கின்றன. ஜமாஅத்தைச் சேர்ந்த இருவர் சாட்சியாகப் பங்கு எழுதப்பட்டுவிட்டது. தங்கைகளின் பங்குக்கு விலை பேசி, வட்டியின்றித் தவணையில் கொடுத்து வருகிறார்; முதல் தவணை கொடுத்தாகிவிட்டது. தவணைக் கடனை எழுதி வைத்துக் கொள்ளும்படித் திருமறையின் மிக நீண்ட வசனம் ஏவுகிறது (2:282), அவ்வாறே எழுதியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் அவர் அந்தத் தரையைப் பாலிஷ் செய்தால் நாம் மகிழ்ச்சியோடு போய் துஆச் செய்வோம். அப்பொழுது அது அவருடைய தரை.

அன்புச் சகோதரர்களே! இரும்புக்குத் துரு பிடிப்பது போல உள்ளங்களுக்கும் துரு பிடிக்கிறது, அதைத் துலக்குவது மரண நினைவும் திருமறை ஓதுதலும் ஆகும் என்ற நபிமொழியை பைஹகீ பதிவு செய்திருக்கிறார்கள். தரையைத் துலக்கும் வேலையே நமக்கொரு பாடமாக இருக்கட்டும். நைஸான வட்டை எடுத்த எடுப்பில் வைத்தால் பளபளப்பு வராது. முதலில் சொரசொரப்பான வட்டு மேட்டையும் பள்ளத்தையும் சமப்படுத்த வேண்டும். உள்ளமும் அப்படித்தான். தொழுகை, திக்ரு என்ற மெருகு ஏறுமுன், அடியார்களுக்குக் கொடுக்க வேண்டிய ஹக்குகள் என்ற மேடுபள்ளத்தை முதலில் சமன் செய்தாக வேண்டும். அந்த வேலை நோகும், தூசியும் கிளம்பும். அதைத் தள்ளிப் போட்டவர்கள் பலர் கப்ரின் மண் தரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வல்ல நாயன் நம் வீடுகளை ஹலாலான வீடுகளாக ஆக்கி வைப்பானாக! நம் தாய்மார்கள், சகோதரிகளின் ஹக்குகளை நம் ஹயாத்திலேயே நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக! அவசரத்தில் சொன்ன விடைகளுக்காக உலமாக்களாகிய நம்மையும் மன்னிப்பானாக! ஆமீன்.